கண்ணுக்குத் தெரியாத சரக்கு!

புடவைக்கு விளம்பரம் செய்வதில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. அழகான பெண் ஒருத்தியை நிற்க வைத்து, முந்தானையைக் கொஞ்சம் விசிறிப் போட்டுப் படம் எடுத்தால் போதும். பாதி வேலையைப் படமே பார்த்துக்கொள்ளும். காப்பிப் பொடிக்கு ஆவி பறக்கும் டம்ளர். ஊறுகாய்க்கு, பார்த்தவுடன் நாக்கில் நீர் ஊற வைக்கும் ஒரு மாவடு. ஆனால் முகர்ந்து பார்க்க முடியாத, தொட்டுப் பார்க்க முடியாத, தராசில் நிறுக்க முடியாத சரக்கு ஒன்றை விற்க வேண்டுமென்றால் என்ன படத்தைப் போடுவது?

ஸாப்ட்வேர் என்பது அப்படிப்பட்ட சரக்கு. மென்பொருள் என்று தமிழில் அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். மென்மை இருக்கிறதோ இல்லையோ, பொருள் என்று கையில் எடுத்துக் காட்ட அதில் ஒன்றுமில்லை. "முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய், இப்படி ஆனால் அப்படிச் செய்" என்று கம்ப்யூட்டருக்கோ செல்போனுக்கோ வரிசையாக எழுதி வைத்த கட்டளைகள், அவ்வளவுதான். சமையல் குறிப்பு மாதிரி. சமையல் குறிப்பையாவது படித்தால் வாசனை மூக்கில் தட்டும். இதில் அதுவும் கிடையாது.

பெரிய கம்பெனிகளுக்குக் கவலையில்லை. பக்கம் முழுவதையும் வாங்கி, நடுவில் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போவார்கள். சின்னதாக ஒன்றைச் செய்து, கையிலிருக்கும் கொஞ்சம் பணத்தில் முதல் முதலாகப் பத்திரிகையில் நாலு விரல் அகலத்துக்கு இடம் வாங்குகிறவர்கள் என்ன செய்வது? நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இப்போதெல்லாம் இப்படி ஏதேனும் ஒன்றைச் செய்துவிட்டு, "இதை நாலு பேருக்குத் தெரியப்படுத்துவது எப்படி?" என்று கேட்கிறார்கள். ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே பேசலாம்.

காவாந்தண்டலத்துக் கணக்கு

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர்ப் பக்கம், காவாந்தண்டலம் என்று ஓர் ஊர். அங்கே கம்ப்யூட்டர் படித்த ஒரு பெண். அவளுடைய அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநர். பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை சேர்ந்து மாதாமாதம் சேமித்து, தங்களுக்குள்ளே கடன் கொடுத்து வாங்கிக்கொள்ளும் குழுக்கள் இவை. தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கி இன்று ஊருக்கு ஊர் பரவியிருக்கின்றன.

குழு என்றால் கணக்கு உண்டு. தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம் என்று நோட்டுகள் அடுக்கடுக்காக வளரும். அம்மா ராத்திரி சாப்பாட்டுக் கடை முடிந்த பிறகு நோட்டை விரித்துக்கொண்டு விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்த பெண், செல்போனில் குழுக் கணக்கு எழுதச் சின்னதாக ஒரு ஸாப்ட்வேர் செய்துவிட்டாள். அம்மாவின் குழு அதை வைத்துக்கொண்டது. அடுத்த தெருக் குழு கேட்டு வாங்கியது. வருஷத்துக்குக் குழுவுக்கு 300 ரூபாய் என்று விலையும் வைத்தாயிற்று. இனிப் பத்திரிகையில் விளம்பரம் செய்ய வேண்டியதுதான் பாக்கி. அதற்கு அம்மா தன் சேமிப்பிலிருந்து 10,000 ரூபாய் எடுத்துக் கொடுக்கிறாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 10,000 ரூபாய் திரும்பி வருவதற்கே 34 குழுக்கள் புதிதாகச் சேர வேண்டும். ஒரு சின்ன விளம்பரம் வெளியாகிற வாரத்தில் 34 குழுக்கள் சேருவது விளையாட்டல்ல. போனால் போவது பணம் மட்டுமா? "என் பெண் செய்தது" என்று அம்மா நாலு பேரிடம் சொன்ன வார்த்தையும் அல்லவா போகிறது!

உத்திரமேரூர்க்காரர்களுக்குக் கணக்கு விஷயத்தில் கண்டிப்பு புதிதல்ல. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன, கி.பி. 919-லும் 921-லும் வெட்டியவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் எடுத்த விவரம் அவற்றில் இருப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரையும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் போடக்கூடாது என்றும் அதிலே கண்டிருக்கிறது! கல்லில் உளி கொண்டு எழுத்து எழுத்தாக வெட்டுகிறவன் அநாவசியமான வார்த்தை ஒன்றைக்கூடச் சேர்க்க மாட்டான். யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை, எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதோடு சரி. விளம்பரம் எழுதுகிறவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

குத்துச்சண்டைக்காரனும் ஒரு கேள்வியும்

கண்ணுக்குத் தெரியாத சரக்கை முதல் முதலாக விற்கப் புறப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? உலகம் முழுவதும் இன்று பெயர் தெரிந்த மைக்ரோஸாப்ட் கம்பெனியின் முதல் விளம்பரம் 1976 ஜூலையில் "டிஜிடல் டிஸைன்" என்ற தொழில் பத்திரிகையில் வந்தது. பில் கேட்ஸும் பால் ஆலனும் அப்போது அமெரிக்காவில் ஆல்புகர்க்கி என்ற ஊரில் சின்னதாகக் கடை விரித்திருந்த சமயம். விளம்பரத்தில் கம்ப்யூட்டர் படத்தைப் போட்டார்களோ என்றால் இல்லை. ஒரு குத்துச்சண்டைக்காரனின் கதையைச் சித்திரக் கதையாகப் போட்டார்கள். "மைக்ரோ கிட்" என்று பெயர். பையனுக்கு வேகம் இருக்கிறது, பலம் இருக்கிறது, பயிற்சிதான் இல்லை. ஆகையால் விரைவிலேயே ஓய்ந்து விழுகிறான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சில்லுதான் அந்தப் பையன், ஸாப்ட்வேர்தான் பயிற்சி என்பது உள்ளர்த்தம்.

வேடிக்கையான யோசனைதான். ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தப் பத்திரிகையை வாசித்தவர்கள் கம்ப்யூட்டர் தயாரிக்கிற கம்பெனிகளின் இஞ்சினீயர்கள். கதையின் உட்பொருளை அவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பெரிய கம்பெனி நாலைந்து பிடிபட்டாலே பிழைப்பு ஓடிவிடும் வியாபாரம் அது. குழுப் பெண்களுக்குக் குத்துச்சண்டைக் கதை சொன்னால் பக்கத்தைத் திருப்பிவிட்டுத் தொடர்கதைக்குப் போய்விடுவார்கள்.

1979-ல் இன்னொன்று நடந்தது. ஹார்வர்டில் வியாபாரப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தார் டான் பிரிக்லின். ஒரு பெரிய கணக்கு அட்டவணையில் ஏதாவது ஓர் இலக்கம் மாறினால் அதைத் தொடர்ந்த எல்லா இலக்கங்களையும் அழித்து எழுத வேண்டியிருக்கிறதே, இதைக் கம்ப்யூட்டரே தானாக மாற்றிக்கொள்ளக்கூடாதா என்று அவருக்குத் தோன்றியது. நண்பர் பாப் ஃப்ராங்க்ஸ்டனோடு சேர்ந்து "விஸிகால்க்" என்ற ஸாப்ட்வேரைச் செய்தார். இன்று ஆபீசுகளில் கட்டம் கட்டமாகக் கணக்குப் போடுகிறார்களே, அந்த வம்சத்துக்கு இதுதான் மூதாதை. 1979 மே மாதம் "பைட்" பத்திரிகையில் அதன் முதல் விளம்பரம் வந்தபோது சரக்கே கடைக்கு வரவில்லை. இது இல்லாமல் இத்தனை நாள் எப்படிக் காலம் தள்ளினீர்கள் என்ற பொருளில் ஒரு கேள்வி மட்டும். இது என்ன, எதற்கு என்று விளக்கம் கிடையாது.

ஆவலைத் தூண்டுகிற வித்தை இது. அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் இடம் வாங்கக் கையில் பணம் இருக்கிறவர்களுக்குப் பலிக்கும். 10,000 ரூபாயை மடியில் கட்டிக்கொண்டு வருகிறவள் மர்மம் காட்டலாமா?

சமையலறை மேஜையிலிருந்து

காவாந்தண்டலத்துப் பெண்ணுக்குப் பொருத்தமான உதாரணம் வேறொன்று இருக்கிறது. அது ஒரு குடும்பத் தலைவியின் கதை.

கலிபோர்னியாவில் ஸிமி வேலி என்ற ஊர். ராபர்ட்டா வில்லியம்ஸ் என்ற இளம் பெண்மணி. கணவர் கென், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர். இரண்டு பிள்ளைகள், அதில் ஒன்று கைக்குழந்தை. 1979 வாக்கில் கென் ஆபீஸ் வேலைக்காக வீட்டுக்கு ஒரு யந்திரத்தைக் கொண்டுவந்தார். தொலைவில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரோடு டெலிபோன் வழியாகப் பேசுகிற யந்திரம். அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு குகைக்குள் புகுந்து புதையல் தேடும் விளையாட்டு ஒன்று இருந்தது. படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். ராபர்ட்டாவை அது பிடித்துக்கொண்டது. அதைப் போல வேறு என்ன கிடைக்கும் என்று தேடினார். கிடைத்தவை திருப்தியாக இல்லை. "நாமே ஒன்று செய்தால் என்ன?" என்று சமையலறை மேஜையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று வாரத்தில் ஒரு கொலை மர்மக் கதைக்குத் திட்டம் தயார்! பாழடைந்த பெரிய வீடு, ஒவ்வொருவராக மாண்டு போகும் விருந்தாளிகள். அகதா கிறிஸ்டி நாவல் படித்தவர்களுக்கு எங்கிருந்து வந்த யோசனை என்று புரிந்துவிடும்.

கணவரிடம் காட்டினார். கென் முதலில் சிரத்தை காட்டவில்லை. (கணவர்கள் எந்த ஊரிலும் கணவர்கள்தான்.) படங்களும் வேண்டும் என்று பேச்சு வந்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். ராபர்ட்டா எழுபது படங்கள் கோட்டோவியமாக வரைந்தார்; கென் அவற்றை ஆப்பிள் கம்ப்யூட்டருக்குள் திணிக்க வழி கண்டுபிடித்தார். "மிஸ்டரி ஹவுஸ்" என்று பெயர். 1980 மே மாதம் வெளிவந்தது. விலை 24 டாலர் 95 செண்ட்.

விளம்பரத்துக்கு எங்கே போனார்கள் தெரியுமா? பெரிய பத்திரிகைகளை நாடவில்லை. "மைக்ரோ" என்று ஒரு சின்னப் பத்திரிகை. ஒரு குறிப்பிட்ட வகைச் சில்லு வைத்த கம்ப்யூட்டர்களைப் பற்றி மட்டும் எழுதுவது. ஆப்பிள் கம்ப்யூட்டரும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். வாசகர்கள் கொஞ்சம் பேர். ஆனால் அந்தக் கொஞ்சம் பேரும் அந்த மாதிரி யந்திரத்தில் பித்துப் பிடித்தவர்கள். லட்சம் பேர் படிக்கிற பத்திரிகையில் யந்திரமே இல்லாதவர்கள் எத்தனை பேர்! அத்தனை பேருக்கும் சேர்த்தல்லவா இடத்துக்குக் காசு கொடுக்க வேண்டும்? அந்த வீண் செலவு இல்லை.

சரக்கை அனுப்புவதற்கும் ஆடம்பரம் இல்லை. சமையலறையில் காய்கறி போட்டு வைக்கிற, வாய் அழுத்தி மூடும் பிளாஸ்டிக் பைதான் உறை. அதற்குள் ஒரு தட்டு, விளையாடும் முறை அச்சிட்ட ஒரு காகிதம். டெலிபோன் நம்பர்? வீட்டு நம்பர்தான்! வாங்குகிறவர்களும் கூப்பிட்டார்கள், வாங்கி விளையாடி நடுவில் மாட்டிக்கொண்டு, "அம்மா, அடுத்த அறைக்கு எப்படிப் போவது?" என்று கேட்கிறவர்களும் கூப்பிட்டார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டியிருந்தால் அதுவும் வியாபாரம்தானே! பத்தாயிரத்துக்கு மேல் விற்றது. படங்களோடு வந்த முதல் கதை விளையாட்டு என்று சரித்திரத்தில் இடம் பிடித்தது. தம்பதிகள் வேறு வேலையை விட்டுவிட்டு யோசெமிட்டி மலைப்பக்கம் குடியேறி, ஸியரா ஆன்லைன் என்று பெரிய கம்பெனியாக வளர்ந்தது பிறகு நடந்த கதை.

இங்கே நம் பக்கத்துக் கதையையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பெங்களூரில் ச்யாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி. துணி மில்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மூலப்பொருளும் யந்திர பாகங்களும் சப்ளை செய்துவந்தார். தம் கணக்குக்குத் தோதான ஸாப்ட்வேர் சந்தையில் கிடைக்காமல், "நீயே எழுதேன்" என்று மகன் பரத்திடம் சொன்னார். 1986-ல் தொடங்கிய அந்த முயற்சிதான் இன்று கடைக்குக் கடை இருக்கும் "டாலி". அதன் விசேஷம், கணக்குத் தலைப்புகளுக்கு எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பதுதான். "வாடகை" என்றால் வாடகை என்றே எழுதலாம்; வாடகைக்கு நம்பர் இத்தனை என்று தேட வேண்டாம். எங்கோ ஒரு கணக்குப்பிள்ளைக்கு இருந்த தலைவலி ஒன்று தீர்ந்தது. பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

முதல் நகலும் மூன்றாவது நகலும்

சரி, காவாந்தண்டலத்துக்குத் திரும்புவோம். நம் பெண் எழுதுகிற முதல் நகல் எப்படி இருக்கும்? இப்படித்தான்:

"மகளிர் குழுக்களுக்கு ஓர் அரிய வரப்பிரசாதம்! அதிநவீன தொழில்நுட்பத்தில் உருவான, எளிமையான, பாதுகாப்பான, முழுமையான ஸாப்ட்வேர்! இன்றே வாங்கிப் பயன் பெறுவீர்!"

இதில் பொய் எதுவுமில்லை. ஆனால் "ஸாப்ட்வேர்" என்பதை எடுத்துவிட்டு "மிக்ஸி" என்று போட்டாலும், "மெத்தை" என்று போட்டாலும் அப்படியே பொருந்துகிறதே! எதற்கும் பொருந்துகிற விளம்பரத்தால் யாருக்குப் பிரயோஜனம்?

இரண்டாவது நகலில் கொஞ்சம் விவரம் வரும். "சேமிப்பு, கடன், ரொக்கம், தீர்மானம், வருகைப் பதிவு, வங்கிக் கணக்கு, அறிக்கைகள் உள்ளிட்ட 16 வசதிகள்" என்று பட்டியல் போடத் தோன்றும். செய்தவளுக்கு எல்லாமே தன் குழந்தைகள், எதை விடுவது? கூட்டம் முடிந்து வீட்டுக்கு ஓடுகிற பெண்ணுக்கு 16 வசதி நினைவில் நிற்காது. ஒன்று நிற்கும்.

அந்த ஒன்று எது என்று தெரிந்துகொள்ள அவள் எங்கும் போக வேண்டாம். அம்மாவைக் கேட்டால் போதும்: "குழுவில் கடைசியாக எதற்கம்மா சண்டை வந்தது?"

வட்டிக்குத்தான்! ஒருத்தி 10,000 ரூபாய் கடன் வாங்குகிறாள். மாதம் ஆயிரமாகப் பத்துத் தவணை. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. முதல் மாதம் 100 ரூபாய் வட்டி. ஆயிரம் கட்டிய பிறகு நிலுவை 9,000. ஆகவே அடுத்த மாதம் 90 ரூபாய். அப்புறம் 80, 70 என்று குறைந்துகொண்டே வந்து, பத்தாவது மாதம் 10 ரூபாய். கூட்டினால் 550. ஆனால் நோட்டு எழுதுகிறவள் மாதாமாதம் 100 ரூபாய் என்றே எழுதிக்கொண்டு போனால் 1,000 ஆகிவிடுகிறது. வித்தியாசம் 450 ரூபாய்! முழுத் தொகைக்கும் வட்டி என்று குழுவே தீர்மானித்திருந்தால் அதை யாரும் குறை சொல்ல முடியாது. எது நடக்கிறது என்று தெரியாமலே கட்டுவதும், பிறகு தெரியவந்து முகத்தைத் திருப்பிக்கொள்வதும்தான் வருத்தம். பத்து வருஷச் சிநேகம் 450 ரூபாயில் உடைந்து போகிறது.

இப்போது மூன்றாவது நகல்:

"10,000 ரூபாய் கடன். பத்து மாதத் தவணை. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி.
மொத்த வட்டி 1,000 ரூபாயா, 550 ரூபாயா?
நிலுவைக்கு மட்டும் வட்டி போட்டால் 550. ஒவ்வொரு மாதமும் இதைத் தானே போட்டு, ஒவ்வொருவர் கணக்கையும் தனித்தனியாகத் தமிழில் காட்டுவது 'குழுக் கணக்கு'. சாதாரண ஆண்ட்ராய்டு போன் போதும். இன்டர்நெட் இல்லாத இடத்திலும் எழுதலாம். குழுவுக்கு வருஷம் 300 ரூபாய். முதல் இரண்டு மாதம் இலவசம். பிடிக்காவிட்டால் கணக்கு முழுவதையும் காகிதத்தில் எடுத்துக்கொண்டு நிறுத்திவிடலாம்."

கீழே போன் நம்பர், ஊர்ப் பெயர். அவ்வளவுதான்.

"ஸாப்ட்வேர்" என்ற வார்த்தையே இதில் வரவில்லை, பார்த்தீர்களா? கடைசி வரியை விடாதீர்கள். பத்திரிகையில் புதுப் பெயரைப் பார்க்கிற பெண்ணின் முதல் பயம், "இதில் கணக்கை ஏற்றிவிட்டு, பிறகு இந்தப் பெண் கல்யாணமாகிப் போய்விட்டால் எங்கள் கணக்கு என்ன ஆகும்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லாமல் பாதுகாப்பு, பாதுகாப்பு என்று எத்தனை தடவை எழுதினாலும் பலிக்காது. ஊர்ப் பெயரும் இதைப் போலத்தான். காவாந்தண்டலம் என்று போட்டால் பட்டணத்தார் எடுபடாது என்று நினைப்பார்களோ என்று அவளுக்குக் கூச்சமாக இருக்கலாம். வேண்டவே வேண்டாம்! வாங்கப் போகிறவர்கள் பட்டணத்தார் அல்லவே. பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய ஊர் என்பதே பாதி நம்பிக்கை.

அச்சாபீஸ் சமாசாரம்

எழுதியது முடிந்தால் வேலை முடிந்ததென்று அர்த்தமில்லை. இடத்துக்கு விலை உண்டு. பத்திகளையும் சென்டிமீட்டரையும் கணக்கிட்டுத்தான் வாங்குவார்கள். எஸ்.எஸ். வாசன் 1928-ல் "ஆனந்த விகடன்" என்ற பெயரை எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்து வாங்கினார் என்பது பிரசித்தம். அதற்கு முன் பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுத்தவர் அவர். எழுத்துக்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியாதா!

இடம் குறைவென்று எழுத்தைப் பொடியாக்கிவிடக் கூடாது. தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் விசிறியும், கீழே சுழியும் காலும் உண்டு. வரிக்கு வரி இடைவெளி போதாவிட்டால் மேல் வரியின் "கு" கீழ் வரியின் "கி"யோடு மோதிக்கொள்ளும். செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சிப் பரப்புவதால் சின்னப் புள்ளிகள் மறைந்தே போகும். "கணக்கு" என்பது "கணககு" என்று வந்தால் கணக்கில் யாருக்கு நம்பிக்கை வரும்? கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துப் போட்டால் ஆபத்து இன்னும் அதிகம். மை உள்ளே பாய்ந்து எழுத்தை விழுங்கிவிடும். கலர் விளம்பரமானாலும் பொடி எழுத்து கறுப்பாகவே இருக்கட்டும். நான்கு மைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும்போது மயிரிழை நகர்ந்தாலும் கலர் எழுத்து இரட்டையாகத் தெரியும்.

செல்போன் திரையைப் படம் பிடித்து அப்படியே போடலாமே என்று தோன்றும். போனின் அகலம் ஏழு சென்டிமீட்டர். வாங்கிய இடம் நாலு சென்டிமீட்டர். திரையில் இருந்த எழுத்து பாதியாகச் சுருங்கினால் எறும்பு ஊர்ந்த மாதிரிதான். ஒரே ஒரு வரியை, அதாவது "இந்த மாத வட்டி 90 ரூபாய்" என்று காட்டும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாகப் போடலாம். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கி மங்கலாக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும்.

கட்டம் கட்டமான க்யூ.ஆர். சதுரம் இப்போது எல்லா விளம்பரத்திலும் வருகிறது. 1994-ல் ஜப்பானில் மோட்டார் உதிரி பாகங்களுக்கு அடையாளம் போடுவதற்காகக் கண்டுபிடித்தது. இன்று காய்கறிக் கூடையில்கூடத் தொங்குகிறது. போட்டால் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டுப் போட வேண்டும். ஆனால் போன் நம்பரை எடுத்துவிட்டு இதை மட்டும் போடக்கூடாது. குழுப் பெண்களில் பலர் முதலில் ஒரு குரலைத்தான் தேடுவார்கள்.

எல்லாம் ஆன பிறகு அச்சாகப் போகும் அளவிலேயே ஒரு காகிதத்தில் எடுத்து, ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தியிடம் கண்ணாடி இல்லாமல் படிக்கச் சொல்ல வேண்டும். அவர் தட்டுத் தடுமாறுகிற இடத்தில் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், அல்லது வார்த்தையைக் குறைக்க வேண்டும். பிழைதிருத்தத்தில் போன் நம்பரை ஒருவர் வாய்விட்டுப் படிக்க இன்னொருவர் அந்த எண்ணை அழுத்திப் பார்க்கட்டும். மணி அடிக்கிறதா என்று காதால் கேட்டுவிட வேண்டும்.

வாக்கு விஷயத்தில் சட்டமும் இருக்கிறது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மக்களைத் தவறான வழியில் இழுக்கும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போகலாம். "தமிழ்நாட்டிலேயே முதன்மையானது", "ஆயிரக்கணக்கான குழுக்கள் உபயோகிப்பது" என்றெல்லாம் கைகூசாமல் எழுதுகிற வழக்கம் இருக்கிறதே, அதை அளந்து பார்க்கிற கோல் இது. இரண்டு குழுக்கள் உபயோகித்தால் இரண்டு என்றே போடலாம். "எங்கள் ஊரில் இரண்டு குழுக்கள் எழுதுகின்றன, வந்து நோட்டோடு ஒத்துப் பாருங்கள்" என்பதைவிடப் பலமான சிபாரிசு என்ன இருக்கிறது? அரசாங்கத் திட்டத்தின் முத்திரையையோ வங்கியின் பெயரையோ அனுமதியில்லாமல் ஒட்டிக்கொள்வதும் கூடாது. குழுப் பெண்களின் கடன் விவரம் அந்தரங்கமான சங்கதி. மாதிரிப் படத்தில் உண்மையான பெயர்களைக் காட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இது சட்டத்துக்கு மட்டும் பயந்தல்ல, அடுத்த வீட்டுக்காரிக்கும் பயந்துதான்!

இனிப் பணத்தைப் பிரிக்கிற விஷயம். 10,000 ரூபாயையும் ஒரே நாளில் பெரிய கட்டமாகப் போட்டுக் கரைப்பதைவிட, மூன்று தடவை சின்னதாகப் போடுவதே என் அபிப்பிராயத்தில் உசிதம். முதல் தடவை கண்ணில் படும், இரண்டாம் தடவை, "அட, அன்றைக்குப் பார்த்தோமே!" என்று தோன்றும், கூட்டத்துக்கு முதல் நாள் மூன்றாம் தடவை பார்த்தால் கத்தரித்து எடுத்துக்கொண்டு போவார்கள். கொஞ்சம் பணத்தை ஒதுக்கி, அதே வாசகத்தை நோட்டீஸாக அடித்து, ஊராட்சிக் குழுக் கூட்டமைப்புக் கூடும் இடத்தில் கையில் கொடுக்கலாம். ராபர்ட்டாவுக்கு "மைக்ரோ" பத்திரிகை எப்படியோ, இவளுக்கு அந்தக் கூட்டம் அப்படி.

எதனால் ஆள் வந்தது என்று தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. தபாலில் வியாபாரம் செய்த பழைய நாட்களில், பத்திரிகைக்கு ஒன்றாக விலாசத்தோடு ஓர் எழுத்தைச் சேர்த்துவிடுவார்கள்; உறையைப் பார்த்ததுமே எந்தப் பத்திரிகையைப் பார்த்து எழுதியது என்று தெரிந்துவிடும். இப்போது கூப்பிடுகிறவர்களிடம், "எங்கே பார்த்தீர்கள் அக்கா?" என்று கேட்டு நோட்டில் ஒரு கோடு போட்டால் போயிற்று.

விளம்பரம் வருகிற நாளில் போனில் சார்ஜ் இருக்கட்டும். அவள் குளிக்கப் போனால் அம்மா எடுக்கட்டும். முதலில் கூப்பிடுகிறவர் விலையைக் கேட்கப் போவதில்லை, அதுதான் அச்சில் இருக்கிறதே. "எங்கள் குழுவில் இரண்டு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாதும்மா, அவர்கள் கணக்கை அவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்பார். வாயால் படித்துச் சொல்கிற வசதி அந்தச் செல்போனிலேயே உண்டு. அதைக் "குழுக் கணக்கு" உபயோகித்துக்கொள்கிறதா என்பதை விளம்பரத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே அவள் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.